பாட்டுக்கு முன்னால் ஆளைத் தேடு

எளாவூர்

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதம் வந்தது. நம்ம ஊரில் மூன்று நான்கு வருடம் மேடையேறிக் கலைந்துபோன மெல்லிசைக் குழுவின் காசெட் உன் கையில் கிடைத்ததாகவும், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லோருக்கும் கேட்கக் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். நல்ல ஆசை. அந்தக் குழுவுக்கு மைக் செட் போட்டவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் காசெட்டைக் காப்பாற்று. கிடைத்த பிளேயரில் போட்டுக் கேட்காதே. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார். இருந்தால் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோ. மேல்விளிம்பில் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடு. அப்புறம் யாரும் கைதவறி அதன்மேல் பதிவு செய்ய முடியாது. பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடை. சத்தம் மந்தமாக வந்தால் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்குரூவை மெல்லத் திருப்பு. ஜால்ரா பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்து. முதல் பிரதி வேவ் கோப்பாக இருக்கட்டும். எம்பி3 அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

இரைச்சலைச் சுத்தம் செய்கிறேன் என்று கூட்டத்தின் குரலை அழித்துவிடாதே. நம்ம ஊர்க் கச்சேரியின் பாதி உயிர் அதில்தான் இருக்கிறது. ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, அங்கிருந்து ஆந்திரா. கீழே உட்கார்ந்திருந்தவர்களில் தமிழும் இருந்தது, தெலுங்கும் இருந்தது. இரண்டிலும் பாடத் தெரியாதவனுக்கு இந்தப் பக்கம் அட்வான்ஸ் கிடைக்காது. கும்மிடிப்பூண்டி முகாமில் இருந்து வந்த இலங்கைத் தமிழர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். ஏ. இ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’யை எடுத்தால் முதலில் எழுந்து நிற்பது அவர்கள்தான். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எப்படி மாறியது என்பதை அந்தச் சத்தம்தான் சொல்லும்.

அடுத்தது, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது: பாட்டை வெளியே விடுவதற்கு முன் வாசித்தவர்களைப் போய்ப் பார்.

1970, 71ஆம் ஆண்டுகளில் ஒரு சிகரெட் கம்பெனி ‘சிம்லா பீட்’ என்று போட்டி நடத்தி, பல ஊர்களிலிருந்து வந்த இளைஞர் குழுக்களின் வாசிப்பை இரண்டு இசைத்தட்டுகளாகப் போட்டது. பல வருடம் கழித்து வெளிநாட்டுக்காரர்கள் அவற்றை மறுபதிப்புச் செய்தார்கள். தட்டைத் திரும்ப அச்சடிப்பது சுலபம். அந்தப் பிள்ளைகள் யார், கிட்டார் எங்கே வாங்கினார்கள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் ஆளைத் தேடிப்போய்க் கேட்டால்தான் கிடைக்கும். சித்தார்த் பாட்டியா அந்தத் தலைமுறையைப் பற்றி 2014இல் ஒரு புத்தகமே எழுதினார்.

நம்ம ஊர் வழியாகப் போகும் ரயில் கல்கத்தா வரைக்கும் போகிறதே, அந்த ஊரில் நடந்ததையும் கேள். 1970களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாயா என்பவர் தம்பி, நண்பர்களோடு ‘மொஹீனேர் கோராகுலி’ என்ற குழுவைத் தொடங்கினார். பாவுல் என்ற நாட்டுப்புறப் பாட்டையும் மேற்கத்திய இசையையும் சேர்த்து, வங்காளத்தில் அதுவரை இல்லாத மாதிரி பாடினார்கள். 1977க்கும் 79க்கும் நடுவே மூன்று சிறிய இசைத்தட்டுகள். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1981இல் குழு கலைந்தது. 1995இல் கௌதம் திரும்ப வந்தபோது, பழைய தட்டுகளுக்குப் பூமாலை போட்டு வைக்கவில்லை. இளம் பாடகர்களைக் கூட்டிப் புதுத் தொகுப்பு ஒன்று கொண்டுவந்தார். அதிலிருந்துதான் அடுத்த தலைமுறைக்கு அந்தக் குழுவைத் தெரிந்தது. 1999இல் அவர் இறந்துபோனார். 2006இல் ‘கேங்ஸ்டர்’ என்ற இந்திப் படத்தில் அவர்கள் மெட்டு ஒன்று நாடு முழுக்க ஒலித்தபோது கேட்க அவர் இல்லை. வாசித்தவர் உயிரோடு இருக்கும்போது தேடியதற்கும், போனபின் தேடியதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆகவே கீபோர்டு வாசித்தவர், ரிதம் பேட் போட்டவர், ஜானகி அம்மா பாட்டுகளைப் பாடிய பெண், மூவர் வீட்டுக்கும் போ. போகும்போது ஒரு பிரதியைக் கையில் கொடு. அவர்களே கேட்காத பதிவாக இருக்கலாம். எந்தப் பாட்டில் யார் வாசித்தார்கள் என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதிக்கொள். வெளியிடலாமா என்று கேள். பாட்டெல்லாம் சினிமாப் பாட்டு என்பதால் கம்பெனிக்கு உரிமை உண்டு. மேடையில் வாசித்தவர்களுக்கும் உண்டு என்று 1994இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தப் பெண் இப்போது பேரன் பேத்தி எடுத்தவர். வேண்டாம் என்றால் அவர் பாட்டை விட்டுவிடு. கெஞ்சாதே, ஏமாற்றாதே.

குழு ஏன் உடைந்தது என்று துருவாதே. சண்டை என்பார்கள், பணம் என்பார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து நைட் ஷிஃப்ட் வந்ததும், திருவிழா ராத்திரிக்கு ஆள் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்து பெரிய காரணம் அதுதான். நாலு வருடத்தில் முடிந்தது என்பதால் சோகக் கதையாகவும் எழுதாதே. சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம், சகோதரரோடு சேர்ந்து ‘ஹியூமன் பாண்டேஜ்’ ராக் குழுவை நடத்தினார். அது நின்றபின் தவில் கற்றுக்கொண்டு ஜெர்மனிக்குப் போய், உலக மேடைகளில் வாசித்தார். நம்ம ஆட்களும் அப்புறம் சம்பாதித்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அதையும் சேர்த்து எழுது.

‘தமிழ்நாட்டிலேயே முதல்’ என்று எதையும் போட்டுவிடாதே. அவர்கள் நல்ல குழு, அது போதும். இருபது பேர் கேட்டாலும் சலித்துக்கொள்ளாதே. அந்த இருபதில் பத்து பேர் ஆரம்பாக்கத்திலும் கவரைப்பேட்டையிலும் அந்தக் கச்சேரியைக் கேட்டவர்களாக இருந்தால், உனக்கு அடுத்த காசெட் இருக்கும் வீடு அவர்களிடமிருந்துதான் தெரியவரும்.

கீபோர்டுக்காரரின் வீட்டு வழியை இத்துடன் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஐந்துக்கு மேல் போ, பகலில் தூங்குவார்.

அன்புடன்,
மாமா