அடிமை விலங்கிலிருந்து கடன் விலங்கிற்கு

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் நாம் காலையில் அருந்தும் காப்பியின் விலையில் நிலம், மூலதனம், உழைப்பு ஆகிய மூன்றின் பங்கும் அடங்கியுள்ளது. இவற்றுள் உழைப்பு எவ்வாறு பெறப்பட்டது என்பதே தோட்டப் பயிர்த்தொழில் வரலாற்றின் மையக் கேள்வியாகும்.

நிலம் மிகுந்து மக்கள் குறைந்த நாடுகளில், சுதந்திரமான உழைப்பாளி தனக்கென நிலம் தேடிக்கொள்வான். அவனைத் தோட்டத்தில் நிறுத்த உயர்ந்த கூலி தர வேண்டும். அக்கூலியைத் தவிர்ப்பதே அடிமை முறையின் பொருளாதாரப் பயன். ஆனால் அடிமையின் விலை முதலாளியின் மூலதனச் செலவு. அடிமை இறந்தால் அம்மூலதனமும் அழியும்.

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. அதன்படி 2 கோடி பவுன் இழப்பீடு அளிக்கப்பட்டது. அது அடிமைகளுக்கன்று, உடைமையாளருக்கே. மொரீஷியசில் விடுதலை பெற்றோரில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேறினர். அவ்விடத்தை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் நிரப்பினர். அங்கு ஒரு நாள் வேலைக்கு வாராதவர் இரு நாள் கூலியை இழந்தனர்.

இலங்கையில் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரிலேயே கடனாக எழுதப்பட்டன. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டே 'துண்டு'. புதிய தோட்டம் பழைய கடனை அடைக்கும். அக்கடன் தொழிலாளியைப் பின்தொடரும். சட்டத்தின் முன் அவர் சுதந்திரர். கணக்கேட்டின் முன் அல்லர். ஆள் சேர்க்கும் செலவு முதலாளியிடமிருந்து உழைப்பாளியின் தலைக்கு மாறியதே இம்முறையின் உட்பொருள். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. எனினும் கடனைத் தொடவில்லை. எனவே கொத்தடிமை முறை நீடித்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமோ ஆளை விடுவித்ததோடு நில்லாது, கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பையே நீக்கியது. மாவட்ட ஆட்சியருக்கு மறுவாழ்வுப் பொறுப்பையும் அளித்தது.

இதனின்று நாம் பெறும் பாடம் தெளிவானது. ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்தல் போதாது. முன்பணக் கணக்கையும் கேட்டறிதல் வேண்டும். விடுவிக்கப்பட்டவருக்கு மாற்று வருவாய் இல்லையேல், அவர் அடுத்த முன்பணத்தை நாடுவார். பழைய விலங்கே புதிய பெயரில் பூட்டப்படும்.