பின்தங்கிய பகுதிகளில் குடும்ப மருத்துவர்: பிரிட்டன் தரும் படிப்பினை

பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணி 1948 ஜூலை 5ஆம் நாள் தொடங்கியது. அதன் அடித்தளம் குடும்ப மருத்துவரே ஆவார். அவர் பெரும்பாலும் அரசு ஊழியர் அல்லர். அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு பணியாற்றுபவர். தம் பட்டியலில் பதிவு செய்துகொண்ட நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப, தலைக்கு இவ்வளவு என்ற முறையில் அவருக்கு நிதி கிடைத்தது.

சமத்துவத்தில் ஒரு குறை

இம்முறை நேர்மையானதாகத் தோன்றினும், வறிய பகுதியின் ஆயிரம் நோயாளிகளும் வசதியான பகுதியின் ஆயிரம் நோயாளிகளும் ஒரே அளவு பணியைத் தருவதில்லை. ஸ்காட்லாந்தில் சுமார் 17.5 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு இதனை உறுதிப்படுத்திற்று. மிகப் பின்தங்கிய பகுதிகளில், ஒருவரையே பல நோய்கள் பற்றும் நிலை 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே தோன்றுகிறது.

தெற்கு வேல்ஸின் சுரங்கக் கிராமமொன்றில் பணியாற்றிய டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் இதற்கு ஒரு விதியையே வகுத்தார். தேவை மிகுந்த இடத்தில் நல்ல மருத்துவம் குறைவாகவே கிடைக்கும் என்பது அதன் சாரம். உள்நாட்டு மருத்துவர்கள் விரும்பாத இத்தகைய இடங்கள் பலவற்றில், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்ற மருத்துவர்களே பணியேற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜார்மன் குறியீடு

தனித்து வாழும் முதியோர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், வேலையின்மை, இட நெருக்கடி உள்ளிட்ட எட்டுக் கூறுகளைக் கொண்டு பேராசிரியர் பிரயன் ஜார்மன் 1983இல் ஒரு குறியீட்டை வெளியிட்டார். 1990ஆம் ஆண்டு ஒப்பந்தம் இதனை ஏற்றது. குறியீட்டில் 30க்கு மேற்பட்ட வார்டுகளில் வாழும் ஒவ்வொரு நோயாளிக்கும், மூன்று படிநிலைகளில் மருத்துவருக்குக் கூடுதல் தொகை வழங்கப்பட்டது.

இதிலும் இரு குறைகள் இருந்தன. வறிய வார்டில் வாழும் செல்வருக்கும் தொகை கிடைத்தது. செல்வ வார்டில் வாழும் ஏழைக்குக் கிடைக்கவில்லை. மேலும், இத்தொகையைச் செவிலியர் நியமனம் போன்ற சேவைகளுக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2004க்குப் பின்

2004இல் புதிய வாய்பாடு வந்தது. வயது, பால், நாட்பட்ட நோய், 65 வயதுக்குட்பட்டோரின் இறப்பு நிலை முதலியன கணக்கில் சேர்ந்தன. ஆயினும் இது கடந்தகாலப் பயன்பாட்டையே பெரிதும் சார்ந்தது. மருத்துவரை நாடி வராத, அல்லது வந்தும் போதிய நேரம் பெறாத நோயாளியின் தேவை இத்தகைய கணக்கில் இடம்பெறுவதில்லை. வறுமையின் சுமைக்கு வாய்பாடு உரிய மதிப்பளிக்கவில்லை என்ற முறையீடு எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

படிப்பினை

கூடுதல் நிதி இன்றியமையாதது; ஆனால் அது மட்டும் போதுமானதன்று. தேவையை அளக்கும் அலகு சிறியதாக இருத்தல் வேண்டும். தொகை சேவையோடு பிணைக்கப்படல் வேண்டும். பதிவேட்டில் இடம்பெறாத நோயாளியையும் கணக்கிட முற்படும் திட்டமே பின்தங்கிய மக்களை உண்மையில் சென்றடையும்.