ஒரே விமானம், இரு வழிகள்

பழைய போர் விமானத்தைப் புதுப்பிப்பது எப்படி? ஒரே மூலத்தில் பிறந்த இரு விமானங்களை ஒப்பிட்டால் விடை விளங்கும். சோவியத் நாட்டின் மிக்-21 விமானத்தைத் தயாரிக்கும் உரிமையைச் சீனா 1961-இல் பெற்றது. விரைவிலேயே இரு நாடுகளின் உறவு முறிந்தது. ஆவணங்கள் முழுமையாகக் கிட்டாத நிலையிலும் சீனர் முயன்று, ஜே-7 விமானத்தை 1966-இல் பறக்கவிட்டனர்.

முக்கோண இறக்கை ஒலியை மிஞ்சும் வேகத்திற்கு ஏற்றது. ஆனால் கூர்மையாகத் திரும்பும்போது காற்றுத்தடை மிகுந்து வேகம் குன்றும். 1990-இல் பறந்த ஜே-7இ விமானத்தில் சீனர் இக்குறையைக் களைய முற்பட்டனர். 57 பாகை பின்சாய்ந்த இறக்கையின் வெளிப்பகுதியை மட்டும் 42 பாகையாக்கினர். இதனால் குறைந்த வேகத்தில் தூக்குவிசை கூடியது. திரும்பும் திறனும் வளர்ந்தது.

ரஷ்யர் இறக்கையைத் தொடவில்லை. மிக்-21-93 திட்டத்தில் ‘கோப்யோ’ ராடாரையும் ஆர்-77 ஏவுகணையையும் பொருத்தினர். கண்ணுக்கு எட்டாத இலக்கையும் தாக்க இயன்றது. நம் விமானப்படையின் ‘பைசன்’ இவ்வகையே; 2025 செப்டம்பரில் அது விடைபெற்றது.

சீனர் சிறகைத் திருத்தினர். ரஷ்யர் கண்ணைத் திருத்தினர். எனினும் ஒரு தடை இரண்டிற்கும் பொது. காற்று நுழைவாய் மூக்கிலேயே இருப்பதால், அதன் நடுக்கூம்பில் அடங்கும் சிறிய ராடாரையே வைக்க முடியும். 2003-இல் பறந்த ஜேஎல்-9 பயிற்சி விமானத்தில் சீனர் நுழைவாயைப் பக்கவாட்டுக்கே மாற்றிவிட்டனர்.

ஆக, புதுப்பித்தலுக்கும் எல்லை உண்டு. அதை முதல் வடிவமே வகுத்துவிடுகிறது. அவ்வெல்லையை அறிவதில்தான் விமானியின் உயிர் இருக்கிறது.