தார்ப்பாயும் நெல்லும்

திருக்கோவிலூர் வட்டாரத்து உழவர்க்கு வடகிழக்குப் பருவமழை வரமாகவும் அச்சமாகவும் வருவது. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையால் தென்பெண்ணை பெருவெள்ளமாயிற்று. அத்தகைய வெள்ளத்தை எந்த விரிப்பும் தடுக்காது. ஆயினும், களத்தில் குவித்த நெல்லை ஓர் இரவு மழையிலிருந்து காப்பது தார்ப்பாயே. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது பொதுவிதி. நனைந்த நெல் அவ்வரம்பை மீறினால், பல மாத உழைப்பு நிலையத்தின் வாயிலிலேயே நின்றுவிடும்.

முற்காலக் கப்பலோட்டிகள் கித்தான் துணியில் தார் பூசி, நீர் புகாமல் செய்தனர். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழ் நாவு ‘தார்ப்பாய்’ ஆக்கிக்கொண்டது. விரிப்பும் பாய், கப்பலில் கட்டுவதும் பாய் என்பதால் பெயர் நன்கு பொருந்திற்று. ஈழத்தமிழர் இதனைப் ‘படங்கு’ என்பர். இன்று பரவலாக விற்கும் தார்ப்பாயில் தார் இல்லை. பாலித்தீன் இழைகளால் நெய்து, இருபுறமும் மென்படலம் பூசியிருப்பர்.

வாங்குவோர் பலர் நிறத்தையும் விலையையுமே பார்க்கின்றனர். நிறம் வலிமையைச் சொல்லாது. ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதைக் குறிக்கும் ஜி.எஸ்.எம். அளவையும், புறஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மம் கலந்துள்ளதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். மழையைவிட வெயிலே தார்ப்பாயை விரைவில் நொறுக்குவது.

நெல் உயிருள்ள பொருள். குவியலிலும் அது மூச்சுவிடுகிறது. அம்மூச்சின் ஆவி இறுக மூடிய பாயின் அடியில் குளிர்ந்து, துளியாகி, நெல்லிலேயே சொட்டும். மழை படாத நெல்லும் இவ்வாறு நனைந்து முளைவிடுவதுண்டு. ஆகவே, மழை ஓய்ந்து வெயில் கண்டதும் பாயை விலக்க வேண்டும். திறந்தவெளிச் சேமிப்பில் மூட்டைகளை மேடைமீது மரச்சட்டங்களில் அடுக்கி, 250 மைக்ரான் கரும்பாலித்தீன் உறையால் மூடுகின்றனர். அங்கும் வானம் தெளிந்த நாளில் உறையைத் தூக்கிக் காற்றோட்டம் தருவர்.

சரக்குந்தின் பகை காற்று. ஓட்டத்தில் படபடக்கும் மெல்லிய பாய் கண்ணிகளருகே கிழியும். அதற்குத் தடித்த கித்தானோ பி.வி.சி. பூசிய துணியோ தகும். பண்ணைக்குட்டைக்கோ தையலுள்ள பாய் உதவாது. தையல் துளைகளில் நீர் கசியும். அங்கே சூட்டால் ஒட்டி இணைத்த 500 மைக்ரான் படலம் விரிப்பர்.

எப்பாயையும் உலர்த்திய பின்னரே மடித்தல் நலம். ஈரத்தோடு மடித்த பருத்திக் கித்தானில் பூஞ்சை பற்றும். மூலையில் போட்டுவைத்த மடிப்பில் எலி புகும். எலி கடித்த துளை மறுமழையில்தான் கண்ணுக்குத் தெரியும்.