வீட்டுக் குளத்தில் சுங்கான் குஞ்சு பெருகுவதற்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களிலும் வாடகை அறைகளிலும் இருந்துவிட்டு வன்னிக்குத் திரும்பும் குடும்பங்கள் சிலவற்றுக்குக் காணியோடு ஒரு குட்டையோ துரவோ இருக்கிறது. அதில் மீன் விட்டால் கறிக்கு ஆகும், மிஞ்சினால் விற்கலாம் என்று நினைப்பீர்கள். நினைப்பு சரியானதே. ஆனால் விட்ட மீனைப் பிடித்துத் தின்று முடித்தால், அடுத்த வருடம் மறுபடி குஞ்சு வாங்கவேண்டும். குளத்திலேயே பெருகும் மீன் வேண்டுமானால் சுங்கான் பொருத்தமானது.

முதலில், மீனுக்கு முந்திய விடயம். உங்கள் காணியில் மிதிவெடி அகற்றிய உறுதிப்பாடு கிடைக்கும்வரை குளத்தில் இறங்காதீர்கள், கரையை வெட்டாதீர்கள், தூர் வாராதீர்கள். கைவிடப்பட்ட துரவுகளிலும் கிணறுகளிலும் வெடிக்காத பொருட்கள் கிடக்கலாம். சேற்றில் இரும்புத்துண்டு போல எதைக் கண்டாலும் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். தூண்டிலோடு முதலில் ஓடுவது அவர்கள்தான்.

தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் தம்புள்ளை போன்ற நிலையங்களில் உற்பத்தியாகும் குஞ்சுகள் பெரும்பாலும் திலாப்பியாவும் கெண்டை வகைகளும்தான். கட்லா, ரோகு போன்ற இந்தியக் கெண்டைகள் தேங்கிய குளத்து நீரில் முட்டையிடுவதில்லை. ஆகவே அவற்றின் குஞ்சை ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்தே எடுக்கவேண்டும். சுங்கான் அப்படியல்ல. மழைநீர் பெருகி ஆழங்குறைந்த புல்தரை நனையுமானால், சிறு குட்டையிலும் முட்டையிடும். 1956இல் இந்தியாவில் ராமசுவாமி, சுந்தரராஜ் என்ற இரு ஆய்வாளர்கள் கபச்சுரப்பிச் சாற்றை ஊசியாக ஏற்றி இந்த மீனை முட்டையிடச் செய்துகாட்டினர். அது பண்ணைக்காரருக்கு உதவும். வீட்டுக் குளத்துக்கு ஊசி தேவையில்லை, மாரி மழை போதும்.

தாய் மீன்களைக் கோடை முடிவில், குளங்கள் வற்றும்போது கரப்புக் குத்துவோரிடம் வாங்குங்கள். ஒரு சாண் நீளத்துக்குக் குறையாத, காயமில்லாத மீன்களாக இருக்கட்டும். ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாக வேண்டும். மழை நெருங்கும்போது பெண்ணின் வயிறு பருத்திருக்கும். அதன் இனப்பெருக்கத் துவாரத்தின் அருகிலுள்ள சிறு முனை உருண்டையாக இருக்கும், ஆணுக்கு அது கூராக இருக்கும். பார்க்கும்போது ஈரத் துணியால் பிடியுங்கள். பக்கச் செட்டையின் முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் அந்த இடத்தை அரை மணித்தியாலமாவது அமிழ்த்தி வையுங்கள். வெந்நீர் தோலைச் சுடக்கூடாது. வலி நிற்காவிட்டால், வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுங்கான் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன். அதனால் வாளியில் கொஞ்ச நீரோடு கொண்டுபோகலாம், ஆனால் மூடியை இறுக மூடாதீர்கள். குளம் முழுவதும் ஆகாயத்தாமரை மூடிக்கிடந்தாலும் இதே ஆபத்துத்தான். பாதிக்கு மேல் அள்ளி வெளியே போடுங்கள்.

குளத்தின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டி, முழங்கால் அளவுக்கும் குறைந்த ஆழமுள்ள ஒரு மேடையை விடுங்கள். அதில் புல் வளரட்டும். புரட்டாதியில் நீர் குறைந்தால் கிணற்றுநீர் இறைத்து நிரப்பாதீர்கள், இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வற்றிய கரை ஐப்பசி மழையில் திடீரென நனைவதே மீனுக்கு அடையாளம். ஒழுங்கை வெள்ளத்தைச் சிறு வாய்க்காலால் அந்தப் புல்தரைக்குத் திருப்பிவிடுங்கள். பூச்சிமருந்து அடித்த வயல்நீர் வேண்டாம். நீர் வெளியேறும் வாயில் சிறுகண் வலை கட்டாவிட்டால் தாய் மீன்களே வெள்ளத்தோடு போய்விடும். அதற்கு முந்திய ஒரு மாதம் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, மண்புழு, மீன்கழிவு என்று கொடுத்துத் தேற்றியிருக்கவேண்டும்.

விராலும் திலாப்பியாவும் அதே குளத்தில் இருந்தால் முட்டையும் குஞ்சும் மிஞ்சாது. அவற்றை முதலிலேயே பிடித்துக் கறியாக்குங்கள்.

பச்சை நிறச் சிறு முட்டைகள் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். மூன்று, நான்கு நாள் குஞ்சுகள் தம் மஞ்சட்கருவிலேயே வாழும். அதன்பின் நீரில் நுண்ணுயிர் இருக்கவேண்டும். மழை தொடங்கியதும் ஒரு கூடை காய்ந்த மாட்டெருவை மூலையில் போட்டுவைப்பது இதற்காகத்தான். அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியில் வடித்தும் கொஞ்சமாகத் தூவலாம், மிஞ்சினால் நீர் நாறும். இரண்டு மூன்று வாரம் வலை போடவேண்டாம். பின்னர் பெரிய குஞ்சுகளைப் பிரித்து வேறு இடத்தில் விடுங்கள், இல்லாவிட்டால் அவை சிறியவற்றைத் தின்னும்.

கொழும்பை விட்டுப் புறப்படுமுன் இரண்டு விடயம். கண்ணாடித் தொட்டிக்கு விற்கும் மீன்களை வாங்கிவந்து ஊர்க்குளத்தில் விடாதீர்கள். அப்படித் தப்பிய கத்திமீன், தெகிவளைக்கு அப்பால் பெல்லன்வில அத்திடிய சதுப்புநிலத்தில் பெருகிக் கிடக்கிறது. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கு மட்டக்குளிக் காக்கைத்தீவு தூரமில்லை. அங்கே நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா இருக்கிறது. உங்கள் குளத்தின் நீள அகலம், கோடையில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.