செஞ்சியை எழுதப் போகிறவருக்கு

2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12 யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதமுள்ள ஒன்று நம் செஞ்சி. அதற்குப் பிறகு, ஊரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட வேண்டும் என்ற ஆசை இந்தப் பக்கத்தில் பலருக்கு வந்திருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். நல்ல ஆசை, இது கைகூட வேண்டும். முதல் புத்தகம் எழுதும் யாருக்கும் இந்தக் குறிப்புகள் உதவும் என்றாலும், நான் மனத்தில் வைத்திருப்பது செஞ்சிக்காரரைத்தான்.

செய்ய வேண்டியவை

ஊரை முழுதாக எழுத முயலாமல் ஒரு கேள்வியைப் பிடியுங்கள். 'செஞ்சி வரலாறு' என்பது தலைப்பு மட்டுமே, அதற்குள் இன்னும் புத்தகம் இல்லை. கோன்கள், விஜயநகரம், நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், மொகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால், ஒவ்வொருவருக்கும் இருபது பக்கம் கொடுத்து எவரையும் தொடாமல் முடிந்துவிடும். மாறாக ஒரு கேள்வி இருந்தால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அதுவே சொல்லிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. மராட்டியர் கையில் இந்தக் கோட்டை 1677 முதல் 1698 வரை இருந்தது. அதில் கடைசி எட்டு ஆண்டுகள் மொகலாயத் தளபதி சுல்பிகர் கானின் முற்றுகைக்குள் கழிந்தன. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கிருந்துதான் அரசாண்டார். இவ்வளவு நடந்தும் ஊர் நினைவில் பாட்டாக நிற்பவர் அவர்களில் யாரும் இல்லை. 1714-இல் ஓராண்டுகூட ஆளாமல், இருபதுகளின் தொடக்கத்தில் போரில் விழுந்த தேஜ் சிங், அதாவது நம் தேசிங்கு ராஜன்தான் நிற்கிறார். ஏன்? ஒரு வடநாட்டு ராஜபுத்திரக் குடும்பத்துப் பிள்ளையைத் தமிழ்ப் பாடகர்கள் ஏன் தம் பிள்ளையாக எடுத்துக்கொண்டார்கள்? இந்த ஒரு கேள்விக்கே 200 பக்கம் போதாது.

இன்னொரு கேள்வி தண்ணீர். கோட்டைக் குன்றான ராஜகிரியின் உச்சியில் சுனை, கீழே செட்டிகுளம், சக்கரக்குளம், ஆனைக்குளம். முற்றுகைக் காலத்தில் இத்தனை பேர் எதைக் குடித்தார்கள் என்று தேடத் தொடங்கினால் கோட்டை முழுவதும் வேறொரு முகத்தோடு தெரியும்.

ஏற்கெனவே எழுதப்பட்டதை முதலில் படித்து முடியுங்கள். சி. எஸ். சீனிவாசாச்சாரி ஆங்கிலத்தில் எழுதிய செஞ்சி வரலாற்றை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-இல் வெளியிட்டது. அரசர் வரிசையைப் பொறுத்தவரை அதைத் தாண்டாமல் புதிதாக எழுத ஒன்றுமில்லை. அதோடு நிற்காதீர்கள். 1597-இல் இங்கு வந்த ஏசு சபைத் துறவி பிமெண்டா எழுதியிருக்கிறார். முற்றுகைக் காலத்தில் மொகலாயப் பக்கம் இருந்த பீம்சேன் பாரசீகத்தில் நினைவுக்குறிப்பு எழுதியிருக்கிறார். புதுச்சேரியிலிருந்து பிரான்சுவா மார்த்தேன் எழுதியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் 1750-இல் கோட்டையைப் பிடித்து 1761-இல் இழந்த காலம் ஏறக்குறைய முழுவதும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக் காலத்துக்குள் வருகிறது. கர்நாடக ராஜாக்களின் சரித்திரம் மெக்கன்சி சேகரிப்பில் தமிழிலேயே இருக்கிறது.

சென்னையில் கீழ்த்திசைச் சுவடி நூலகம், எழும்பூர் கன்னிமாரா, தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகிய மூன்றுக்கும் போய் வாருங்கள். போக முடியாத நாட்களில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். எந்தப் பக்கத்தில் படித்தீர்கள் என்பதை அப்போதே குறித்துவையுங்கள். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டால், எழுதி முடிக்கும் நேரத்தில் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

பாட்டுக்கு ஒரு நோட்டு, ஆவணத்துக்கு ஒரு நோட்டு. செஞ்சியை எழுதுகிறவருக்கு மிக முக்கியமான பழக்கம் இதுதான். கதைப்பாட்டில் தேசிங்கின் தகப்பன் தேரணி சிங் டில்லியில் குதிரையை அடக்க முடியாமல் சிறைப்பட, சின்னஞ்சிறுவன் தேசிங்கு போய்ப் பாராசாரி என்ற அந்தக் குதிரையை அடக்கித் தகப்பனை மீட்கிறான். ஆவணங்களில் தகப்பன் பெயர் சொரூப் சிங். ஔரங்கசீப் நியமித்த கோட்டை அதிகாரி, 1714-இல் இங்கேயே இறந்தவர். மகன் பதவிக்கு வந்ததை நவாப் சாதத்துல்லா கான் ஏற்கவில்லை. வரிப்பாக்கி கேட்டார். சண்டை அங்கே தொடங்கியது.

இரண்டும் உங்களுக்கு வேண்டும். பாட்டைப் பொய் என்று தள்ளிவிட்டால் மக்கள் மனம் கையைவிட்டுப் போகும், அதையே வரலாறு என்று எழுதினால் அடுத்த தலைமுறை ஏமாறும். எந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று வாசகருக்கு ஒவ்வொரு இடத்திலும் தெரிய வேண்டும். 'பாட்டு இப்படிச் சொல்கிறது' என்று ஒரு வரி போதும். நாவல் எழுதுகிறவருக்குச் சுதந்திரம் அதிகம். ஆனால் எந்த இடத்தில் உண்மையை விட்டு விலகுகிறோம் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடித்தளமாக வைத்துப் பிரபஞ்சன் எழுதிய 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் படித்தால் ஆவணம் எப்படிக் கதையாகிறது என்று பிடிபடும்.

பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். அவர்கள் சம்மதத்தை முதலிலேயே கேளுங்கள். பெயர், ஊர், வயது, தேதியைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒன்றைக் கவனமாகப் பிரிக்க வேண்டும்: அவர் சொல்வது பாட்டி சொன்ன கதையா, கூத்தில் கேட்டதா, எம்.ஜி.ஆர். நடித்து 1960-இல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்தில் பார்த்ததா? பல வீடுகளில் மூன்றும் கலந்துவிட்டன. 'இதை முதன்முதலில் யாரிடம் கேட்டீங்க?' என்று கேட்டால் பெரும்பாலும் நூல்முனை கிடைத்துவிடும். கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் கடலி, நீலாம்பூண்டிப் பக்கமும் போய் இதையே கேளுங்கள்.

அவர்கள் பேச்சை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மல்லாட்டை என்று சொன்னவரின் வாயில் நிலக்கடலையைத் திணிக்க வேண்டாம். கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கோட்டை மதிலோடு நின்றுவிடாமல் சுற்றி நடங்கள். மேலச்சேரி குடைவரை, சிங்கவரம் அரங்கநாதர், 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கிய திருநாதர்குன்று, தமிழ்ச் சமணரின் மடம் இருக்கும் மேல்சித்தாமூர். திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற துறவிக்குக் கல்வெட்டு இருக்கிறது. கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது அது. கோட்டை வாசலில் தொடங்கும் புத்தகங்கள் இதையெல்லாம் தவறவிட்டுவிடுகின்றன.

அரசர் அல்லாதவரை எழுதுங்கள். கோட்டைக் குன்றுகளில் சிறியது ஒன்றுக்குச் சக்கிலி துர்க்கம் என்று பெயர் பதிவாகியிருக்கிறது. வழிகாட்டிப் புத்தகங்கள் அதை அரை வரியில் தாண்டிவிடும். குதிரைக்குச் சேணமும் வீரனுக்குச் செருப்பும் வேண்டியிருந்த கோட்டையில் தோல் வேலை செய்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள், என்ன ஆனார்கள்? அதேபோல இன்றைய செஞ்சி. நெல் மூட்டைகள் வந்து இறங்கும் கமிட்டி என்கிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், எடை போடுகிறவர், சுமை தூக்குகிறவர், விலை கேட்டுக் காத்திருக்கும் சம்சாரி. ராஜகிரியைப் பற்றி வெளியூர்க்காரரும் எழுதலாம். கமிட்டியை உள்ளூர்க்காரர்தான் எழுத முடியும். எனக்குத் தனிப்பட்ட முறையில் படிக்க ஆசை இந்தப் புத்தகத்தைத்தான்.

வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 250 சொல். 32 வாரத்தில் 40,000 சொல் சேரும். டெம்மி அளவில் ஏறக்குறைய 200 பக்கம். 16 பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கில் 13 பாரம் வரும். முதல் புத்தகத்துக்கு இது போதும்.

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்துவிட்டு அச்சகத்தில் மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும். அதைத் திருத்தவே தனியாக ஒரு மெய்ப்பு பார்க்க வேண்டியிருக்கும். மெய்ப்பை நீங்கள் ஒருமுறை பாருங்கள், வேறொருவர் ஒருமுறை பார்க்கட்டும். ஆண்டுகளையும் பெயர்களையும் மட்டும் தனியாக இன்னொரு முறை சரிபாருங்கள்.

செய்யக்கூடாதவை

கோன்களில் முதல்வரான ஆனந்தக் கோனில் தொடங்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். உங்கள் கேள்வி எங்கே கூர்மையாக இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள். ஆனந்தக் கோன் தேவைப்படும் இடத்தில் தானே வருவார்.

'கிழக்கின் டிராய்' என்று எழுதாதீர்கள். சுற்றுலாத் துண்டறிக்கை முதல் பள்ளிக் கட்டுரை வரை தேய்ந்துபோன சொல். டிராயைப் பார்க்காத வாசகருக்கு அதனால் எதுவும் தெரியப் போவதில்லை. கோட்டையின் மூன்று பெரிய குன்றுகளையும் இணைத்து மதில் எப்படி ஓடுகிறது என்று நான்கு வரி எழுதினால் கோட்டை கண்முன் நிற்கும்.

1714 சண்டையை மதச் சண்டையாக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேசிங்கோடு நின்று உயிர்விட்டவர் அவர் நண்பர் மோவத்கான். பாட்டில் அவர் தன் கல்யாணத்தை விட்டுவிட்டு நீலவேணிக் குதிரையில் ஏறி வருகிறார். எதிர்ப்பக்கம் நவாப். காரணம் வரியும் அதிகாரமும். அந்தப் பாட்டைக் கேட்டு இரண்டு மதத்தாரும் அழுதிருக்கிறார்கள். கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலும் இருக்கிறது, சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இருக்கிறது. இன்றைய கோபத்தை அன்றைய மனிதர்கள் மேல் ஏற்றினால் விற்பனை கூடலாம். ஊர் கெடும்.

உயிரோடு இருப்பவர்களின் குடும்பச் செய்தியை அனுமதி இல்லாமல் அச்சில் ஏற்றாதீர்கள். சிறிய ஊர். பெயரை மாற்றினாலும் யார் என்று தெரிந்துவிடும்.

படங்களை இணையத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள். எடுத்தவருக்கு உரிமை உண்டு. நீங்களே எடுங்கள், அல்லது எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஒப்பந்தம் இல்லாமல் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்காதீர்கள். வாய்ப்பேச்சு நட்புக்குச் சரி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது காலாவதியாகும். எத்தனை பிரதி, ராயல்டி எத்தனை சதவீதம், கணக்கு எப்போது தருவார்கள், மின்னூலும் ஒலிநூலும் யாருக்கு என்ற நான்கும் தாளில் இருக்கட்டும். உங்களிடமே பணம் கேட்கிற பதிப்பகமானால், அந்தப் பணத்துக்கு எத்தனை பிரதி உங்கள் கைக்கு வரும் என்று கேளுங்கள். பதில் வழவழவென்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. நீங்களே விண்ணப்பிக்கலாம்.

ஜனவரிப் புத்தகக் காட்சிக்காக அவசரப்படாதீர்கள். டிசம்பரில் சென்னை அச்சகங்கள் திணறும். அந்த நெருக்கடியில்தான் அட்டையில் எழுத்துப்பிழை விழும். காட்சி அடுத்த ஆண்டும் வரும்.

வாழ்த்துரைகளைக் குவிக்காதீர்கள். ஆறு பேர் வாழ்த்திய பிறகு வாசகர் உங்கள் முதல் வரிக்கு வருவதற்குள் களைத்துப்போவார். செஞ்சியை அறிந்த ஒருவரின் அணிந்துரை போதும்.

அச்சானதும் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். நீங்களே வெளியிட்டிருந்தால் சட்டப்படி பதிப்பாளர் நீங்கள்தான். 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டில்லி நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். செஞ்சி கிளை நூலகத்துக்கும், பேட்டி கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். படித்துவிட்டு அவர்கள் சுட்டும் பிழைகளைப் பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். இரண்டாம் பதிப்புக்கு அது வேண்டும்.