பக்கத்து இருக்கைக்காரரின் சொல்

நீரிழிவு நோயாளியிடம் இனி இன்சுலின் ஊசி தேவை என்று நாங்கள் கூறும்போது, பலர் மௌனமாகத் தலையசைத்துச் செல்கின்றனர். மனத்தில் உள்ள கேள்விகள் வேறிடத்தில்தான் வெளிவருகின்றன. அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் பேருந்திலோ மருந்து வாங்கும் வரிசையிலோ, முன்பின் அறியாத ஒருவரிடம் அவர்கள் கேட்கிறார்கள்: "ஊசி வலிக்குமா? விருந்து வீட்டுக்குப் போனால் என்ன செய்வீர்கள்?"

இதில் வியப்பில்லை. மருத்துவரிடம் கேட்கத் தயக்கம். வீட்டாரிடம் சொன்னால் அவர்கள் கலங்குவார்களோ என்ற அச்சம். அயலாரிடம் இவ்விரண்டும் இல்லை. ஆனாலும் நாமாகப் பேச்சைத் தொடங்கக் கூசுகிறோம். அமெரிக்காவின் சிகாகோ நகரில் நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் ஆகியோர் பயணிகளிடையே நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. அயலாருடன் பேசினால் பயணம் இனிமையாக இராது என்றே பலர் எண்ணினர். பேசியவர்களுக்கோ அது தனித்திருந்த பயணத்தைவிட இனிமையாக அமைந்தது.

இத்தகைய பேச்சு மனத்துக்கு ஆறுதல் தருவதோடு நிற்பதில்லை. நடைமுறை அறிவையும் தரும். பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் மருந்துகளை 25 முதல் 30 டிகிரி செல்சியசுக்கு மிகாத வெப்பத்தில் ஏறத்தாழ 4 வாரங்கள் வைத்திருக்கலாம். சித்திரை வெயிலில் நம் வீடுகள் அதைவிடச் சூடாகிவிடும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், இன்சுலினை நீர் புகாத டப்பாவில் இட்டு, நீருள்ள மண்பானையில் வைப்பது நல்ல வழி. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி நிலவுகிறது. இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஒருவர் சொல்லும்போது, கேட்பவருக்கு 'நம்மாலும் முடியும்' என்ற துணிவு பிறக்கிறது. எங்கள் அறிவுரையால் மட்டும் அத்துணிவு வந்துவிடுவதில்லை.

எனினும் ஓர் எல்லை உண்டு. "எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று அயலாரிடம் தாராளமாகக் கேளுங்கள். "எவ்வளவு போடுகிறீர்கள்?" என்று கேட்டு அந்த அளவைப் பின்பற்றாதீர்கள். உடல் எடை, உணவு, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து அளவு ஆளுக்கு ஆள் மாறும். அளவு மிகுந்தால் இரத்தச் சர்க்கரை வெகுவாகக் குறைந்து வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றும், நினைவும் தவறலாம். அதுபோலவே, யாரோ சொன்னார் என்று ஊசியை நிறுத்துவதும் ஆபத்து. சிலருக்கு உயிருக்கே கேடாகும்.

வழியில் கேட்டதை மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். "பேருந்தில் ஒருவர் இப்படிச் சொன்னார், சரியா?" என்று நீங்கள் கேட்டால் நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். உங்கள் உண்மையான ஐயம் எது என்பதை அப்போதுதான் நாங்களும் அறிகிறோம். நெடுநாளாக ஊசி போட்டு நலமாக இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அருகில் அமர்ந்திருப்பவர் புதிய மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவலையோடு இருந்தால், நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.